பக்கத்துப் பல்

“பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க” என்கிறார் கலர்க்காரர். ஜன்னலோர நாற்காலியில் இருக்கும் பெண்மணி, என்ன பேசுவதென்று தெரியாமல் பேருந்து தாமதமாக வந்த கதையைச் சொல்லத் தொடங்குகிறார். பேருந்து வந்தாலும் வராவிட்டாலும் கலர்க்காரருக்கு ஒன்றுதான். பஞ்சால் அவருடைய உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, உடைந்த பல்லை விட்டு அதன் பக்கத்துப் பல்லை மட்டும் பார்க்கிறார். ஐந்து விநாடி. பிறகு சுவரில் மாட்டியிருக்கும் நீலத் துணியை வெறிக்கிறார். மறுபடி ஐந்து விநாடி பல். “அதுக்கு மேல பார்த்தா கண்ணு பொய் சொல்லும். எல்லாம் ஒண்ணு போலத் தெரியும்.”

பல் மருத்துவமனையின் பின்பக்கம் அவருடைய அறை. பீங்கான் பொடி டப்பாக்கள், பூனை மீசை போல மெலிந்த தூரிகைகள், ஒரு சின்ன மின் உலை, மூலையில் பழைய மேசை விசிறி. உடைந்த பல்லின் மேல் மாட்டும் ‘கேப்’பைப் பக்கத்துப் பல்லின் நிறத்திலேயே செய்து தருவது அவர் தொழில். யாரும் அவருக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. கேப் செய்கிற இடத்தில் உலை துடைக்கப் போனவர், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். இப்போது அவருடைய உலையைத் துடைப்பது நான். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் கலர்க்காரர்தான்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொத்து இருக்கும். சீப்பு போன்ற தகட்டில் பதினாறு போலிப் பற்கள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும். எண் ஏற ஏற நிறம் மங்கும். மனிதர்களை அவர் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார். மனைவியின் சித்தப்பா வந்துவிட்டுப் போனார் என்றால், “யாரு, ஏ மூணரையா?” என்பார். வங்கி மேலாளர் பி இரண்டு. அந்த மேலாளர் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு எதிரில் வந்தார். இவருக்கு அடையாளமே தெரியவில்லை.

அவருடைய பெருமை விசித்திரமானது. “நான் செஞ்சது எதுன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டா நான் தோத்துட்டேன்” என்பார். கேப் மாட்டியவர்கள் கண்ணாடியைப் பார்ப்பார்கள், “எதுங்க அது?” என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். இருபத்தைந்து வருடம் அந்தக் கேள்வியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் எதிர் அறைக்கு ஓர் இளம் மருத்துவர் வந்தார். அதிலிருந்து போதவில்லை.

வந்தவர் பற்களை வெளுக்க வைப்பவர். கலர்க்காரர் அவருக்கு ‘நீலவிளக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார். வேலை என்னவென்று பார்த்தால் எளிதுதான். ஈறு வெந்துவிடாமல் ஒரு பசையால் மூடி, பல்லின் மேல் மருந்துக் களிம்பைத் தடவி, நீல விளக்கைக் காட்டிக் கால் மணி நேரம் உட்கார வைப்பார். துடைத்து எடுத்துவிட்டு மறுபடி தடவுவார். மூன்று முறை. வெளியே வருகிறவர்கள் கண்ணாடி முன்னால் நின்று கூவுவார்கள். மருத்துவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் வரவேற்பு மேசைக்குச் சாக்லேட் டப்பா வரும்.

அந்த டப்பாக்களிலிருந்து கலர்க்காரர் இதுவரை ஒன்றுகூட எடுத்ததில்லை. “பல்லு கெட்டுடும்” என்பார். ஆனால் எத்தனை டப்பா வந்தது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். “வெளிய வர்றப்ப பல்லு காய்ஞ்சிருக்கு. காய்ஞ்ச பல்லு ரெண்டு மடங்கு வெள்ளையாத் தெரியும். ரெண்டு நாள் கழிச்சு, ஈரம் ஏறுன பிறகு வரச் சொல்லுங்க, அப்பக் கூவட்டும்.” சொல்வது உண்மைதான். எதிர் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த உண்மையைச் சொல்கிறார்.

வீட்டு வைத்தியம் கேட்டு வருகிறவர்களுக்கும் இதே வாய்தான். எலுமிச்சையும் சமையல் சோடாவும் என்று யாராவது தொடங்கினால், “பல்லு என்ன பாத்திரமா, வெளக்கி எடுக்க?” கரித்தூள் என்றால், “மேல் பூச்சு தேய்ஞ்சா உள்ள இருக்குற மஞ்சள்தானே வெளிய வரும்? காசு குடுத்து மஞ்சளாக்கிக்கிறீங்க.”

வரவேற்பு மேசையில் மதியம்வரை இருப்பவர் அவருடைய மனைவி. சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் உடைந்து, இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இதே ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தவர். அந்தப் பல்லுக்கு நிறம் பார்க்க அவரை நான்கு முறை வரவழைத்தாராம் இவர். “ஒரு தடவையிலயே ஏ ரெண்டுன்னு தெரிஞ்சுபோச்சு. மத்த மூணு தடவையும் சும்மா” என்று இப்போது ஒப்புக்கொள்கிறார். வயதுக்கேற்ப மற்ற பற்கள் மங்க மங்க, இவரும் கேப்பை மாற்றிச் செய்திருக்கிறார். இப்போது இருப்பது மூன்றாவது, ஏ மூன்று. முன்பல் இரண்டில் அவர் செய்தது எது என்று அந்த அம்மாவின் தங்கைக்கே தெரியாது.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை, காபி குடிக்கும்போது அது அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தது. மனைவி ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒற்றைப் பல் மஞ்சளாக நின்றது. அவர் செய்த பல்.

பீங்கான் நிறம் மாறாது. மாறியிருந்தால் பொடியில் கோளாறு, அல்லது உலையில், அல்லது கையில். அதே பொடியில் மூன்று மாதிரிப் பற்கள் செய்தார். ஒன்றைத் தேநீரிலும் ஒன்றைக் காபியிலும் ஒரு வாரம் ஊறப் போட்டார். மூன்றாவதைத் தண்ணீரில். மூன்றும் ஒரே நிறத்தில் கிடந்தன. கடைசியில் மனைவியை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கொத்தை எடுத்தார். கேப், ஏ மூன்றேதான். மயிரிழைகூட மாறவில்லை. பிறகுதான் கொத்து பக்கத்துப் பல்லுக்கு நகர்ந்தது. பி ஒன்றை வைத்தார். அதைவிட அந்தப் பல் வெளுப்பாக இருந்தது. கொத்தில் அதற்கு மேல் வெளுத்த பல் இல்லை.

“யாரு பண்ணுனது?”

“நானேதான். எதிர் ரூம் தம்பி அளவெடுத்து, பல்லுக்கு மாட்டுற உறை ஒண்ணு செஞ்சு குடுத்தாரு. மதியம் வீட்டுக்குப் போனதும் களிம்பு வச்சு ரெண்டு மணி நேரம் போட்டுக்குவேன்.”

“அவன்கிட்ட வாயைத் தெறந்து காட்டுனியா?”

“பல்லுக்கு அளவெடுக்க மூக்கையா காட்டுவாங்க?”

“இருபத்திரண்டு வருஷமா அந்த வாயை நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்!”

“எங்க பார்த்தீங்க? நீங்க செஞ்ச பல்லைத்தான் பார்க்கிறீங்க. மிச்சம் முப்பத்தொண்ணும் என்னுது. பதினேழு நாளா வெளுத்துக்கிட்டு வருது. மருந்து கொண்டாந்து போடுறவர்கூட ‘என்னக்கா, பளிச்சுனு இருக்கீங்க’ன்னுட்டார். வீட்டுல ஒருத்தர் கண்டுபிடிக்கிறாரான்னு காத்திருந்தா, அவரு என்னடான்னா டீத் தம்ளருக்குள்ள பல்லைப் போட்டு மூடி வச்சிருக்காரு.”

வெளுப்பு மருந்துக்குப் பீங்கான் மசியாது. வெளுத்துக்கொண்டு, நிறம் நிலைத்த பிறகுதான் கேப் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் கலர்க்காரர். அந்த அம்மாவுக்கும் அது தெரியும். “இதுக்கு ஏத்த மாதிரி புதுசு ஒண்ணு வேணும்” என்றார். “வெளிய மெஷின்ல வெட்டி ஒரே நாள்ல தர்றாங்களாம், தம்பி சொன்னாரு. உங்களுக்கு மனசு இல்லைன்னா அங்க குடுத்துடுறேன்.”

“குடுத்துக்க” என்றார். சொன்ன வாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெளுத்த பல்லின் நிறம் நிலைக்க இரண்டு வாரமாகும். அந்த இரண்டு வாரம் அவருடைய கோபத்துக்கு வசதியாக இருந்தது. நீலவிளக்கு வரவேற்பு மேசைப் பக்கம் எத்தனை முறை போகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று உலைக்குப் பக்கத்திலிருந்தே சொல்லுவார். “நோயாளி பேரு கேட்க எதுக்குக் குனியணும்? நிமிர்ந்து கேட்டா காது கேட்காதா?” ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் கழுவும் கண்ணாடியில் தம் பல்லுக்கே கொத்தை வைத்துப் பார்த்தார். ஏ நான்கு. அந்த வரிசையில் அதுதான் கடைசி. மறுநாள் காலை அவரால் காபி குடிக்க முடியவில்லை. ஈறு சிவந்து, பல் கூசியது. மனைவி சமையலறை அலமாரியிலிருந்து சோடா டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“என்ன, பாத்திரம் வெளக்குனீங்களா?”

அந்த இரண்டு வாரத்தில் அப்போதுதான் அவர் வாயில் முதல் சிரிப்பு வந்தது என்கிறார் அந்த அம்மா. அதையும் கையால் மறைத்துக்கொண்டாராம்.

போன புதன்கிழமை காலை அவர் எதிர் அறைக் கதவைத் தட்டியதை நான் பார்த்தேன். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்.

“என் கொத்துல இல்லாத வெள்ளை நாலு உங்ககிட்ட இருக்காமே.”

“அக்காவுக்குத்தானே? கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே அண்ணே” என்று மருத்துவர் எழுந்து இழுப்பறையைத் திறந்தார்.

“அக்கா” என்றதைக் கேட்டதும் கலர்க்காரரின் தோள் கொஞ்சம் இறங்கியது. பற்களை வாங்கிக்கொண்டு, நன்றி என்றோ வேறெதுவோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பினார்.

ஜன்னலோர நாற்காலியில் அந்த அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தார். “வெளிய குடுக்கலையா?” என்றார் இவர், முகத்தைப் பார்க்காமல்.

“குடுத்திருப்பேன். ரெண்டு வாரமா ஒரு ஆளு சாப்பிடாமக் கெடந்தாரு, பாவமா இருந்துச்சு.”

“தெற.”

முன்பல்லுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கன்னத்தை விரலால் விலக்கி, கடைசிக் கடைவாய்ப் பல்லிலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா முதலில் கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரைப் பார்த்தார்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மருத்துவர் ஆர்வமாகத் தலையை நீட்டினார். “நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா அண்ணே? எப்படி நிலைச்சிருக்குன்னு…”

கலர்க்காரர் திரும்பவில்லை. கண்ணை எடுக்காமல், இடது காலைப் பின்னால் நீட்டி, குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.