ஸப்னாவின் இதய ஓட்டையை அடைக்கக் காத்தான்குடியிலிருந்து கொழும்புக்கு

எங்கள் ஊரில் யாருக்குக் கொழும்பு ஆஸ்பத்திரிப் பயணம் என்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். அந்த வீதி எனக்கு அத்துப்படி. ஓகஸ்ட் விடுமுறையில் என் தங்கச்சி ஜெஸீமாவின் ஏழு வயது மகள் ஸப்னாவைக் கூட்டிப்போனேன். இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே அவளுக்குச் சின்ன ஓட்டை. நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்கும்.

வழமையாக வைக்கும் உலோக அடைப்பு ஆயுளுக்கும் உள்ளேயே இருக்குமாம். இவளுக்கு ஓட்டை சிறிது என்பதால், தானாகக் கரையும் புது வகையே போதும் என்றார் டொக்டர். இருபத்திரண்டு வருடம் புடைவைக் கடை நடத்துபவனுக்கு இதெல்லாம் ஒரு விசயமா? தையற்காரர் முதலில் துணியைப் பெரிய தையலாக ஓட்டிப் பிடித்துவைப்பார், நல்ல தையல் விழுந்ததும் அதை உருவிவிடுவார். இதுவும் அப்படித்தான். சதை வளர்ந்து மூடும்வரை பிடித்துக்கொள்ளும், பிறகு மெல்ல மெல்லக் கரைந்துபோகும். நான் சொன்னதைக் கேட்டு டொக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். அன்று முதல் மற்ற நோயாளிகளுக்கும் இதையே சொல்கிறாராம்.

ஞாயிறு சுபஹு தொழுதுவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பினோம். வேன் போகவர நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். சாரதி குருக்கள்மடத்து ராசன். ஓட்டமாவடி, பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாகக் கிட்டத்தட்ட முந்நூற்றிருபது கிலோமீற்றர். தேத்தண்ணிக்கு நின்றதையும் சேர்த்து ஏழரை மணித்தியாலம். மின்னேரியாவில் நாற்பது யானை வீதியை மறித்து நின்றன.

"நாலு யானை, நானா," என்றார் என்னை அண்ணன் முறை வைத்து அழைக்கும் ராசன். "வாலையும் தும்பிக்கையையும் சேத்து எண்ணிட்டீங்க போல."

அவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணியது நான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சிகிச்சை. மயக்க மருந்து கொடுப்பதால், நடுச்சாமத்திலிருந்து வாயில் எதுவும் படக்கூடாது என்று முதலே சொல்லியிருந்தார்கள். தள்ளுகட்டிலில் ஏற்றியதும் தாதி கேட்டார்: "பிள்ளைக்கு ஏதும் குடுத்தீங்களா?"

"ஒண்டும் குடுக்கல்ல," என்றாள் ஜெஸீமா. நானும் அடித்துச் சொன்னேன்.

ஸப்னா தலையைத் தூக்கினாள். "உம்மா, ஓதின தண்ணி தந்தீங்கதானே? பேரீச்சம்பழம் கரைச்சி. ஒரு கிளாஸ்."

"அது குடிக்கிற கணக்கா மகள்? அது துஆ!"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பள்ளிவாசல் லெப்பை துஆ ஓதி ஊதித் தந்த தண்ணியை யாரும் சாப்பாட்டோடு சேர்த்து எண்ணுவதில்லை. மயக்க டொக்டர் வந்தார். கோபப்படவில்லை.

"அம்மா, மயக்கத்தில வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. வயிறு காலியாகட்டும். பின்னேரம் கடைசியா எடுப்பம். நேரம் போதாட்டி அடுத்த மாசம்தான்."

ஜெஸீமா அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காக்கா, நான் பிள்ளைக்கி நஞ்சு குடுத்த மாதிரில்ல பாக்கிறாங்க."

"வாய மூடு. பிள்ளை சொன்னதால தப்பினம்," என்றேன். பிறகு மயக்க டொக்டரிடம் போய் இங்கிலீசில் பேசினேன். முழு வார்ட்டும் எட்டிப் பார்த்தது. அதனால்தான் இடம் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

மூன்று பத்துக்கு உள்ளே எடுத்தார்கள். நெஞ்சைக் கிழிப்பதில்லை. தொடையருகே இரத்த நாளத்துக்குள் மெல்லிய குழாயை விட்டு, அதன் வழியாக அடைப்பைக் கொண்டுபோய் விரிக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் நான் யாரோடும் கதைக்கவில்லை. ஜெஸீமாவிடம் கேட்டுப் பாருங்கள், அப்படியொரு நாள் அவள் கண்டதேயில்லை.

பிறகு டொக்டர் என்னை ஸ்கேன் திரைக்கு முன் கூப்பிட்டார். அதில் இரத்த ஓட்டம் நிறமாகத் தெரியும். முன்பு ஓட்டை வழியாகப் பாய்ந்த நிறம் இப்போது கடக்கவில்லை. குழாய் விட்ட காலை நீட்டிப் பிள்ளை அன்றிரவு அசையாமல் கிடந்தாள், புதன்கிழமை வீடு திரும்பினோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் கசிவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு: முதல் நாளே போய்ப் பக்கத்தில் அறை எடுங்கள், எங்களுக்கு ஆறாயிரம் முடிந்தது. எல்லா ஓட்டைக்கும் கரையும் அடைப்புச் சரிவராது, டொக்டரிடம் கேளுங்கள். ஓதின தண்ணியானாலும் தாதியிடம் காட்டிவிட்டே கொடுங்கள். பிள்ளை என்ன குடித்தது என்று கேட்டால் நீங்கள் முந்தாதீர்கள், பிள்ளையைச் சொல்ல விடுங்கள்.