கால் இல்லாத குதிரை

பள்ளிப் பட்டறை வகுப்பில் அவள் வார்த்த அலுமினியக் குதிரைக்குக் கால்களே வரவில்லை. உருக்கிய உலோகத்தை மணல் அச்சில் ஒரே மூச்சாக ஊற்றியிருக்க வேண்டும். அவளோ பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டாள். அச்சில் குதிரை தலைகீழாகக் கிடந்ததால் கால்வரை உலோகம் ஏறவில்லை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் அதைக் குப்பையில் போடப் போனாள். அம்மா வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நல்லா கனமாத்தானே இருக்கு! சமையக்கட்டுக் கதவு காத்துல படார் படார்னு அடிச்சுக்குது. அதுக்கு முட்டுக் கொடுக்க ஓடுற குதிரையா வேணும்?"

அன்று அம்மா அதை எறிய விட்டிருந்தால் அவள் பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டாள். அந்த நன்றி அவளுக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது வார்ப்புத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவள் வேலை. சரியான கறார் பேர்வழி. எந்தச் சாக்கும் அவளிடம் எடுபடாது. ஆனாலும் குறையுள்ள துண்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்குமுன், வேறு எதற்காவது ஆகுமா என்று ஒருமுறை புரட்டிப் பார்ப்பாள்.

"கழிச்சுப் போடுறதுல அப்படி என்ன மேடம் தேடுறீங்க?" என்று புதிதாகச் சேர்ந்த பொறியாளர் கேட்டார்.

"எங்க வீட்டுல கால் இல்லாத குதிரை ஒண்ணு முப்பது வருஷமா வேலை பாக்குது, சார். ஒருநாள்கூட லீவு போட்டதில்ல."