காளைக்கன்றின் சீம்பாலைக் குடித்தவர்கள்

1. மூன்று கன்றுகள்

கிணத்துக்கடவு பக்கத்தில் கால்நடை மருத்துவராக நான் வேலை பார்த்த கடைசி வருடம். ஒருநாள் காலை ராணியம்மா மூன்று காளைக்கன்றுகளை ஓட்டிவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். ஆறு மாதக் கன்றுகள். மூன்று மாதம்கூட மதிக்க முடியாது. வயிறு பானை, முடி சிலிர்ப்பு, முதுகெலும்பை எண்ணிவிடலாம்.

பால் பண்ணைகள் வேண்டாமென்று ஒதுக்கும் காளைக்கன்றுகளை ஒரு வார வயதில் வாங்கி, வளர்த்து, கறிக்கு விற்பதுதான் அவர் பிழைப்பு.

“ஏனுங்க டாக்டரு, பூச்சி மருந்து ரெண்டு தடவ ஊத்திப்போட்டேன். டானிக்கு நாலு பாட்டலு. கன்னு வளருலீங்க, பாட்டலுதான் ஊடெல்லாம் வளந்து கெடக்குது. இந்த மூணும் தேறலீன்னா நார் மில்லுக்கே வேலைக்குப் போயர்றனுங்க.”

நான் மேதாவி அல்லவா! “தீனி பத்தலீங்கம்மா” என்றேன்.

“வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க.”

2. நாலாவது கன்று

போய்ப் பார்த்தேன். பசுந்தீவனம், கலப்புத்தீவனம், தண்ணீர் எதற்கும் குறைவில்லை. சாணத்தைச் சோதித்தேன், புழு முட்டை இல்லை. முன்பு பூச்சி மருந்தின் அளவை நான் கண்மதிப்பில் சொன்னது தப்போ என்று டேப்பால் மார்பளவு எடுத்து எடையைக் கணக்கிட்டேன். (எடை டேப்பை அதுவரை வீட்டில் ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வைத்திருந்தேன்.) அளவும் சரிதான்.

பக்கத்திலேயே அதே வயதில் நாலாவது கன்று, இவற்றைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, என் சட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.

“இது எங்கீங்க வாங்குனது?”

“எங்கண்ணன் ஊட்டு மாடு போட்டதுங்க. ஒரு வாரம் தாயோடவே கெடந்துச்சு. மத்த மூணும் பழனிசாமி பண்ணையிலீங்க.”

அப்போதுதான் உறைத்தது. ராணியம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனேன்.

3. பண்ணையில்

“கன்னு போட்டதும் சீம்பால் குடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

பழனிசாமி சிரித்தார். “காளைக்கன்னுக்கு எதுக்குங்க சீம்பாலு? கிடேரின்னா உடுவோம். காளைன்னா தாய் நக்கறக்குள்ள பிரிச்சுப்போடுவோம். அந்தப் பாலை ஊருக்கெல்லாம் குடுத்தர்றதுங்க. கேட்டவிய மனசு கோணக்கூடாதில்லீங்க?”

எனக்குத் தலைக்கேறியது. “ஊரு மனசு கோணாம இருக்க, பொறந்த கன்னைப் பட்டினி போடுவீங்களா? பொறந்த ரெண்டு மூணு மணி நேரத்துல அந்தப் பால் உள்ள போகலீன்னா நோயத் தாங்குற சக்தி எங்கிருந்து வரும்? மாசம் ஒரு கழிச்சல், ஒரு சளின்னு தின்ன தீனியெல்லாம் நோய்க்கே போயிரும். அப்பறம் எப்படி வளரும்?”

அவர் மரியாதை குறையாமல் சொன்னார்: “கோவிச்சுக்காதீங்க டாக்டரு. இந்த மூணு கன்னு பொறந்தப்பவும் உங்க ஊட்டுக்குப் போசி நெறையாக் குடுத்துவுட்டமுங்களே. கருப்பட்டி போட்டுக் காச்சுனா அருமையா இருக்குதுன்னு உங்கூட்டு அம்மணி போன் பண்ணுனாங்க.”

அது அருமையாகத்தான் இருந்தது. ரெண்டு கிண்ணம் தின்றிருக்கிறேன்.

ராணியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க, எங்கன்னுக்கு டானிக்கு, உங்களுக்குச் சீம்பாலுங்களா?”

4. அதன்பின்

மூன்றில் ஒன்று அடைமழையில் நிமோனியாவில் செத்தது. மற்ற இரண்டும் கடைசிவரை குட்டையாகவே நின்று, அடிமாட்டு விலைக்கும் கீழே போயின. தவறவிட்ட முதல் நாளை எந்த மருந்தாலும் திருப்பித்தர முடியவில்லை. கறிக்குப் போகிற கன்றுதானே என்று எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள்! கறிக்குப் போகிறதென்றால் அதுவரை பசிக்காதா?

ராணியம்மா மில்லுக்குப் போகவில்லை. பண்ணையில் மாடு கன்று போடும் நாளன்று நிப்பிள் பாட்டிலோடு போய் நிற்கத் தொடங்கினார். “எங்கண்ணு முன்னால குடிக்காத கன்னு எனக்கு வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டார். காளைக்கன்றை வாங்க வேறு ஆளில்லாததால் பழனிசாமி வழிக்கு வந்தார்.

புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களே, வளராத கன்றைப் பார்த்தால் புழுவையும் தீனியையும் பாருங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால், அதன் சீம்பாலை யார் குடித்தது என்று கேளுங்கள். கேட்கும்போது கொஞ்சம் வாயைத் துடைத்துக்கொள்வது நல்லது.