குருநாதன் டாக்டர் படிக்காத பாதி

குருநாதனை அரியலூரில் எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். திருச்சியில் ஒரு டாக்டரிடம் பதினொரு வருஷம் கம்பவுண்டராக மருந்து கலக்கியவன், ஒரு கோட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டு இங்கே ரயிலில் வந்து இறங்கினான். அவன் படித்த படிப்பு அவ்வளவுதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நோயாளியை அவன் தொடமாட்டான். தொட்டுப் பார்ப்பது நாட்டு வைத்தியன் வேலையாம். ஊசியில் ரத்தத்தை இழுத்துப் பட்டணத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவான். பதில் காகிதம் வந்ததும் தீர்ப்பு வாசிப்பதுபோல் உரக்க வாசிப்பான்.

இந்த மேதாவியிடம்தான் 1944-இல் என் தங்கை இன்னாசிமேரியை அவள் புருஷன் சவரியார் தா.பழூரிலிருந்து கூட்டிப்போனான். விடிந்தால் அவளுக்கு இரண்டு கை விரல்களும் வீங்கி விறைத்துக் கிடக்கும். சோறு பிசைய முடியாது. வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் மடங்கும். முடக்குவாதம். அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்திருந்தால் ஆடு மேய்க்கிறவன்கூடச் சொல்லியிருப்பான். குருநாதன் ரத்தத்தை எடுத்தான்.

பத்து நாளில் பதில் வந்தது. மேகநோய், அதாவது சிபிலிஸ், கண்டவர்களின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் இவள் ரத்தத்திலும் இருக்கிறது என்று காத்திருந்த முப்பது பேருக்கும் கேட்கும்படி வாசித்தான். அந்த நோய் எப்படி வரும் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயந்தரமே சவரியார் அவளையும் டாக்டர் மடித்துக்கொடுத்த மருந்துப் பொடிப் பொட்டலங்களையும் வரதராசன்பேட்டையில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். மூன்று வயது மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டான். ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவன், பெண்டாட்டி எப்படிப்பட்டவள் என்பதைக் கம்பவுண்டர் சொல்லித் தெரிந்துகொண்டான். தன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்க்க மட்டும் அவனுக்கு நேரமில்லை. தூ!

"பிள்ளையப் பாக்காம இருக்க முடியல அண்ணே" என்று தினமும் அழுதாள்.

அவள் பொட்டலங்களைப் பல்லால்தான் பிரிப்பாள். ஒருநாள் அவள் கீழே போட்ட காகிதத்தை எடுத்தேன். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். அச்சைக் கண்டால் படிக்காமல் விடமாட்டேன். இங்கிலீஷில் இருந்தது: மலேரியா என்கிற முறைக்காய்ச்சல் வந்தவர்களுக்கும் இந்தச் சோதனை பொய்யாக இப்படிக் காட்டக்கூடும், ஆளைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. யுத்தகாலக் காகிதப் பஞ்சத்தில், பதில் காகிதத்தின் கீழ்ப்பாதியை வெட்டி அந்தப் புத்திசாலி பொடி மடித்திருக்கிறான்.

மறுநாள் பஸ் பிடித்துப் போய் அவன் மேஜைமேல் அதை வைத்தேன்.

"இதைப் படிச்சீங்களா?"

"மேலதான் ரிசல்ட் இருக்குதே சார். கீழ இருக்கறது எல்லாத்துலயும் அச்சடிச்சு வரதுங்க."

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி அவளுக்கு முறைக்காய்ச்சல் வந்துச்சு. கேட்டீங்களா?"

"அவங்க சொல்லலீங்களே."

இது போல எத்தனை பேருக்குப் பொடி மடித்தானோ! அவளைக் கூட்டிப்போய், சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக மறுபடி ரத்தம் எடுக்க வைத்தேன். காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்தத் தடவை ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. குருநாதன் கொஞ்சமும் கூசாமல் சவரியாருக்குச் சொல்லியனுப்பினான்: "நம்ம பொடி கேட்டுருச்சு. ரத்தம் சுத்தமாயிடுச்சு." ஊர் அவனை இன்னும் பெரிய டாக்டராக்கியது.

இப்போது முடக்குவாதத்துக்கே ரத்தச் சோதனை வந்துவிட்டது. வீங்கிய கையை ஏறிட்டும் பாராமல் அந்தக் காகிதத்தையே முறைக்கிறவர்களைப் பார்க்கும்போது, குருநாதன் சாகவே இல்லை என்று தோன்றும்.

குருநாதன் சொல்லியனுப்பியதற்கு அடுத்த ஞாயிறு, எங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில், சவரியார் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கெளம்பு. கொணமாயிட்டுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஊரு என்ன சொன்னாலும் நான் மனசு வச்சு ஏத்துக்கறேன்."

நான் வாய் திறப்பதற்குள் இன்னாசிமேரி அவன் முன்னே போய் நின்றாள். விரல் மடங்காததால் முழங்கைகளால் அணைத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"வராத நோயி எப்படிங்க கொணமாவும்? கெட்டுப்போயித் திருந்துனவளா நான் உங்க வூட்டுக்கு வரமாட்டேன். அந்த டாக்டரு வாசல்ல நின்னு, எம்பொண்டாட்டிக்கு அந்த நோயே வரலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வந்து கூப்பிடுங்க."

சவரியார் சுற்றியிருந்த சனத்தைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போய்விட்டான். அதைச் சொல்ல அவனுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை, அவளும் போகவில்லை.