கடல் தாண்டி நேர்ந்துகொண்ட முடி

வல்லத்திராக்கோட்டை ஆத்மநாதன் ஊர் சுற்றிப் பார்க்கப் பிறந்தவர் அல்ல. ஊர் சுற்றிப் பார்க்கிறவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப் பிறந்தவர். புதுக்கோட்டைக்கு வருகிற துரைமார்களையும் வக்கீல்மார்களையும் மாட்டுவண்டியில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போவார். அவர்கள் மலையேறிக் குகைச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கும்வரை, மாட்டுக்கு வைக்கோலைப் போட்டுவிட்டு மரத்தடியில் குறட்டை விடுவார். ஒரு தடவையாவது மேலே ஏறிப் பார்த்தாரா என்றால் இல்லை. கேட்டால், "அங்கிட்டு என்னங்க இருக்கு, சோறா போடுறாக?" என்பார். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் இரண்டாம் உலக யுத்தம் தூக்கிக்கொண்டு போய், மத்தியதரைக் கடலுக்கு நடுவே சைப்ரஸ் என்ற தீவில் இறக்கிவிட்டது.

ஆசைப்பட்டுப் போகவில்லை. வீட்டில் இருக்க முடியாமல் போனார். அவருக்கும் செங்கமலத்துக்கும் பிறந்த பிள்ளைகள் இரண்டும் பால் மறக்கும் முன்பே போய்விட்டன. இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடியாமல் ஆகிவிட்டது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வண்டியைப் பங்காளியிடம் விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றார். ரோடு போடுகிற பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

தீவில் அவர் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. மண்வெட்டியும் கடப்பாரையும்தான். அங்கே ஓர் ஆண்டு ஓடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களை லாரியில் ஏற்றி, பாபோஸ் என்ற ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஆத்மநாதன் வண்டி ஓட்டாமல், மாட்டைக் கவனிக்காமல், பார்ப்பதற்கென்றே போனார். துறைமுகத்து முனையில் அலை மோதும் கல்கோட்டை. பாறையைக் குடைந்து தூணும் முற்றமுமாகச் செய்த பழங்காலக் கல்லறைகள். கடலுக்குள் நின்ற ஒரு பெரிய பாறையைக் காட்டி, அந்த இடத்து நுரையிலிருந்து ஒரு தேவி பிறந்தாள் என்று லாரிக்காரர் சொன்னார். "பொறந்த அம்மனுக்கு ஒரு வெளக்குக்கூடப் போடாமயா விட்டாங்க?" என்று ஆத்மநாதனுக்கு வருத்தமாக இருந்தது.

பக்கத்தில் நின்றவர் கோட்டைப்பட்டினத்து ஷேக் பரீது. அதே பிரிவில் சமையல்காரர். "கல்லறை பாக்கவா மச்சான் இம்புட்டுத் தூரம் வந்தோம்? கடலு எங்க ஊர்லயும்தான் இருக்கு. அங்கனயாச்சும் மீனு கெடைக்கும்" என்று அவர் சலித்துக்கொண்டார்.

திரும்புகிற வழியில்தான் அந்த மரம் இருந்தது. கிளை தெரியாத அளவுக்குத் துணிக் கிழிசல்கள். கைக்குட்டை, ரிப்பன், குழந்தைச் சட்டையின் கை. மரத்துக்குக் கீழே படியிறங்கிப் போகிற ஒரு குகை. உள்ளே ஒரு தாயின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. எல்லாரும் அதை வேடிக்கை பார்த்தார்கள். ஆத்மநாதனுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்தச் சாமி, எந்த மதம் என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. மரத்தில் துணி தொங்கினால் அது வேண்டுதல். இதைத் தெரிந்துகொள்ளக் கிரேக்க பாஷை எதற்கு? தோள்துண்டில் ஒரு கீற்றைக் கிழித்துக் கிளையில் கட்டினார். கண்ணை மூடினார்.

"ஆத்தா, ஒரு உசுர எங்களுக்குத் தங்க வையி. பொறந்த புள்ளைய இங்கிட்டே கூட்டியாந்து மொத முடி எறக்குறேன்."

எந்தக் கோயிலில் வேண்டினாலும் நம் ஆட்கள் வாயில் அந்த வாக்கியம் அப்படித்தான் முடியும். அவர் வாயும் பழக்கத்தில் முடித்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஷேக் பரீது விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் மச்சான், இங்கிட்டு எப்படிக் கூட்டியாருவீங்க? நீந்தியா?"

லாரி பாதி வழி போன பிறகுதான் ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவா முடியும்?

யுத்தம் முடிந்து ஊர் திரும்பினார். மறு வருஷம் செங்கமலத்துக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சோலையப்பன் என்று பேர் வைத்தார்கள். பால் மறந்தும் பிள்ளை நிலைத்தது, நடந்தது, ஓடியது. ஊரே சந்தோஷப்பட்டது, தகப்பன் மட்டும் பிள்ளையின் தலைமுடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டன் காலத்திலிருந்தே முதல் முடி குலதெய்வம் அய்யனாருக்கு என்பது வீட்டு வழக்கம். "எப்ப முடி எறக்குறீக?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாதம் சரியில்லை, மழை, பங்காளி வீட்டில் தீட்டு என்று ஏதாவது சொல்லித் தப்பித்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தூரதேசத்து ஆத்தாள் கொடுத்த உயிரை அவளை ஏமாற்றிவிட்டு வைத்துக்கொள்ள முடியுமா? அவளும் திருப்பி எடுத்துக்கொண்டால்? இரண்டு குழி தோண்டிய கை அவருடையது. பாவம், அந்தப் பயத்தோடுதான் தினமும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்.

பிள்ளைக்கு மூன்று வயசு ஆகும்போது முடி இடுப்பைத் தொட்டது. கோடையில் தலையெல்லாம் வேனல் கட்டி. சீழ் வைத்துப் பிள்ளை ராவும் பகலும் அழுதது. செங்கமலம் அதற்கு மேல் புருஷனைக் கேட்கவில்லை. தம்பி ரெங்கராஜை வரவழைத்தாள், கிடாய்க்குச் சொன்னாள், வெள்ளிக்கிழமை காலையில் சொந்தபந்தத்தோடு அய்யனார் கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டாள். ஆத்மநாதன் ஆடு மாதிரிப் பின்னால் போனார்.

தாய்மாமன் ரெங்கராஜ் மடியில் பிள்ளையை உட்காரவைத்தார்கள். நாவிதர் நாகராசு முடியை நனைத்துக் கத்தியை எடுத்தார். ஆத்மநாதன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ணே. இந்த முடி வேற சாமிக்குச் சொன்னது."

"எந்தச் சாமிக்கு?" என்றார் பூசாரி.

மரம், துணி, குகை, தான் சொன்ன வாக்கு, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினார். கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. "மொத முடிய ஒரு தெய்வத்துக்குச் சொன்னா அதுக்குத்தான். அய்யனாரு அடுத்தவுக சொத்துல கை வைக்க மாட்டாரு. நானும் மாட்டேன்" என்று நகர்ந்துவிட்டார். ரெங்கராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் மச்சான், ஒங்களுக்கு நேந்துக்கிறதுக்கு நம்ம சீமையில கோயிலா இல்லாமப் போச்சு?" என்று கத்தினார். பிள்ளை எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு வீறிட்டது.

செங்கமலம் மட்டும் கத்தவில்லை. புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தச் சாமி யாருங்க?"

இத்தனை நேரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அன்றைக்குத் திரும்பும்போது லாரிக்காரர் அந்தக் குகைத் தாயைப் பற்றிச் சொன்னதை ஆத்மநாதன் சொன்னார்.

"அவுகளும் நம்ம மாதிரி ஒரு பொம்பளதானாம். ஏழு ஆம்பளப் புள்ள. ராசா கும்புடச் சொன்ன சாமியக் கும்புட மாட்டோம்னு சொன்னதுக்காக, ஏழையும் அவுக கண்ணு முன்னாடியே கொன்னுட்டானாம்."

செங்கமலம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம்பி மடியிலிருந்த பிள்ளையை வாங்கினாள்.

"அந்தத் தீவு எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் மேற்கே கையைக் காட்டினார். மேற்கே பார்த்து எங்கள் பக்கம் யாரும் முடி இறக்குவதில்லை; நல்ல காரியத்துக்கு ஆகாது. இரண்டு மூன்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செங்கமலம் அய்யனாருக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போலக் குரல் கொடுத்தாள்.

"ஆத்தா, நீ ஏழப் பறிகுடுத்தவ. நான் ரெண்டப் பறிகுடுத்தவ. எனக்கு மிச்சம் இது ஒண்ணுதான். கப்பல் ஏறி ஒங்கிட்ட வர எனக்கு வழி இல்ல. இங்கிட்டு உக்காந்தே தாரேன், வாங்கிக்க. ஒனக்கு இது குத்தமாப் படாது, அது எனக்குத் தெரியும்."

பிறகு நாகராசுவிடம் திரும்பி, "எறக்குங்கண்ணே" என்றாள்.

நாகராசு பூசாரியைப் பார்த்தார்; பூசாரி தரையைப் பார்த்தார். கத்தி பிள்ளையின் நெற்றியோரம் இறங்கியது. ஆத்மநாதன் பெண்டாட்டி பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, விழுகிற முடியைத் தன் துண்டில் ஏந்திக்கொண்டார். இரண்டாவது பிள்ளையைப் புதைத்த நாளுக்குப் பிறகு அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.