முப்பது கவடு

பாலைப்பழத்தின் பால் உதட்டில் காய்ந்துவிட்டால் வாயைத் திறப்பதே ஒரு சிறு வேலையாகிவிடும். நாலு பழம் தின்றால் உதடு ஒட்டும், பத்துத் தின்றால் பேச்சுக் குழறும், அன்று நான் இருபத்திரண்டு தின்றிருந்தேன். வன்னியில் ஆனி, ஆடி மாதங்களில் குளங்கள் வற்றி, பாலை மரங்களின் கீழே மஞ்சள் மஞ்சளாகப் பழம் கொட்டிக் கிடக்கும்போது, அதைத் தேடி மனிதர் போவார்கள், கரடி வரும், மான் வரும். அப்படியொரு பருவத்தில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அப்போது வயது பதின்மூன்று, இப்போது எழுபத்திரண்டு. இடைப்பட்ட ஐம்பத்தொன்பது வருடங்களாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, போன மாதம்தான் சொல்ல வேண்டியவரிடம் சொன்னேன்.

அந்த வருடம் அப்பா மாட்டு வண்டிலிலிருந்து விழுந்து கால் முறிந்து கட்டிலில் கிடந்தார். பயிர்க்காவலுக்கென்று அவர் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி, எங்கள் பேச்சில் 'துவக்கு', பத்தொன்பது வயதான என் அண்ணையின் கைக்கு வந்தது. மான் சுடுவதை அந்நாளில் எங்கள் பகுதியில் யாரும் குற்றமாக நினைக்கவில்லை. ஆனால் அண்ணை அதற்கு முந்திய வருடம் காட்டோரத்தில் ஒரு மானைக் கண்டிருந்தார். யாரோ சுட்ட குண்டு வயிற்றில் பட்டு, நாலு நாளாகச் சாகவும் முடியாமல் எழும்பவும் முடியாமல், ஈ மொய்க்கக் கிடந்த மான். அதனால் அவர் தனக்குத்தானே சில நிபந்தனைகள் வைத்துக்கொண்டார். மான் பக்கவாட்டாக நிற்க வேண்டும். அதன் முன்னங்காலை ஒட்டிப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கிற அந்த உள்ளங்கை அகலத்தைத் தவிர வேறெதையும் குறிபார்க்கக் கூடாது. பின்னால் இன்னொரு மான் நின்றாலோ, குட்டியோடு வந்த மான் என்றாலோ துவக்கை இறக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தூரம். காலை நீட்டி வைக்கிற ஓர் எட்டை எங்கள் ஊரில் 'கவடு' என்போம். தோட்டாவுக்குள் இருக்கிற ஒன்பது குண்டுகளும் முப்பது கவட்டுக்குள் என்றால் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் போய் விழும். அதைத் தாண்டினால் விரிந்துவிடும், எது எங்கே படும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது.

இந்த நிபந்தனைகளோடு போனால் மான் எப்படிக் கிடைக்கும்? ஆறு நாட்கள் நானும் அண்ணையும் போய், ஆறு நாட்களும் வெறுங்கையோடு வந்தோம். "துவக்கைக் கொண்டுபோய் மானுக்குக் காவல் இருந்திட்டு வாறான்," என்று அப்பா கட்டிலில் கிடந்தபடி கூரையைப் பார்த்துச் சொன்னார். பக்கத்துக் காணிக் கந்தையர் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, "தம்பி, மான் கிட்ட வந்து, இந்த இடத்தில சுடு எண்டு தொட்டுக் காட்டினால்தான் சுடுவியோ?" என்று கேட்டார். "ஓம் கந்தையா அண்ணை, அப்பிடி ஒண்டைத்தான் தேடிக்கொண்டு திரியிறன்," என்று அண்ணை சிரித்தார். எனக்குத்தான் முகம் எரிந்தது.

ஏழாம் நாள் புதிதாக ஒரு பாலை மரத்தைக் கண்டுபிடித்தோம். அதன் கீழே மான் குளம்படிகள் சேறு மிதித்தாற்போலக் கிடந்தன. எதிரே ஏறி இருக்கத் தோதாக ஒரு முதிரை மரம் நின்றது. அண்ணை மேலே ஏறிக் கிளைகளுக்குக் குறுக்கே தடி கட்டிக்கொண்டே, தூரத்தை அளக்கச் சொன்னார். எனக்கும் அவருக்கும் கால் ஒரே நீளம், நான் வளர்த்தியானவன். முதிரையின் அடியிலிருந்து பாலையின் அடிவரை நடந்தேன். முப்பத்தொன்பது வந்தது. திரும்பவும் நடந்தேன். முப்பத்தொன்பதுதான்.

"எவ்வளவடா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. முப்பத்தொன்பது என்றால் அவர் கட்டின தடியை அவிழ்த்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஏற்கெனவே இரண்டு இடங்களில் அப்படித்தான் இறங்கினார். அன்றைக்கும் வெறுங்கையோடு கந்தையரின் வேலியைத் தாண்டிப் போக வேண்டும்.

"முப்பது," என்றேன்.

"சரியா எண்ணினியோ?"

"ரெண்டு தரம் எண்ணினனான் அண்ணை."

இரண்டு தரம் எண்ணியது பொய்யல்ல, அதுதான் இதில் மோசமானது.

நானும் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வெயில் சாயத் தொடங்கிய நேரம் மான்கள் வந்தன. சருகில் சத்தமே இல்லாமல் முதலில் இரண்டு, பிறகு நாலு, கடைசியாகக் கொம்பன் ஒன்று, மொத்தம் ஏழு. அண்ணை துவக்கை ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக உயர்த்தினார். ஒரு மான் முன்னே நின்றது, அவர் சுடவில்லை. அது விலகியது. அப்போதும் சுடவில்லை. அவர் மூச்சு என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. இப்போதாவது சொல்லலாம், மெல்ல அவர் முழங்காலைத் தொட்டால் போதும், துவக்கை இறக்கிவிடுவார் என்று நினைத்தபடி, இரண்டு மரங்களுக்கும் நடுவே கிடந்த நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மறைத்த ஒன்பது கவடும் அங்கே வெட்டவெளிச்சமாகக் கிடப்பதுபோல இருந்தது. நிலம் நீண்டுகொண்டே போனது. கை எழவில்லை. வெடி கேட்டது.

மரத்தின் கீழே போய்ப் பார்த்தபோது மான் இல்லை. நசுங்கிய பழங்களின் மேல் கரும்பச்சையும் இரத்தமும் கலந்து கொஞ்சம் ஈரம் இருந்தது. அண்ணை குந்தியிருந்து அதை விரலில் தொட்டு மணந்தார். "வயித்தில பட்டிட்டுது," என்றார். நான் ஓடப் போனேன். "இரு. இப்ப கலைச்சால் அது ஓடிக்கொண்டே இருக்கும். படுக்க விடு." அரை மணி நேரம் இருவரும் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். அவர் தன் வலது கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டும்வரை தேடினோம். விடியத் திரும்பவும் போனோம், கந்தையரும் கூட வந்தார். இலைகளிலும் கற்களிலுமாக அறுபத்து மூன்று இடங்களில் இரத்தத்தைக் கண்டேன். மத்தியானமளவில், வற்றிப்போன ஓர் ஆற்றோரப் பற்றைப் புதருக்குள் அது படுத்திருந்தது. எங்களைக் கண்டு தலையைத் தூக்கியது, உடம்பைத் தூக்க முடியவில்லை. அண்ணை மூன்று கவட்டுக்கு அருகில் போய்ச் சுட்டார். இறைச்சியைக் கந்தையர் பங்கு போட்டார். அண்ணை அதில் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் துவக்கைத் தொடவேயில்லை. வனத் திணைக்கள வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட கடிதம் வந்தபோது, "என்ர கண் பழுது, அங்க கண் பாப்பினம்," என்று சொல்லிப் போகாமல் விட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனார். முப்பது கவட்டில் நின்ற மானை வயிற்றில் சுட்டவர் என்ற கதை ஊரெல்லாம் பரவி, 'முப்பது கவடு' என்பது அவருக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. நாங்கள் இருவரும் கப்பலேறி, விமானமேறி, அகதிகளாக வந்து, இலண்டனில் நாற்பது வருடம் ஆன பிறகும், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு கலியாண வீட்டில் ஊர்க்காரர் ஒருவர், "எங்க, முப்பது கவடு இன்னும் வரேல்லையோ?" என்று என்னிடமே கேட்டார். நான் பொய்யாகச் சொன்ன எண் அது.

அண்ணை இருப்பது இலண்டனின் தெற்கே குரோய்டனில், நான் கிழக்கே இல்ஃபோர்டில். போன மாதம் அவரைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். சோதித்த பிள்ளை எங்கள் ஆட்களின் பிள்ளைதான், இங்கே பிறந்தவள். "அங்கிள், இது வயசுக்கு வாற கட்டராக்ட் மட்டும்தான். முந்தி கிளாஸ் போட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. ஆனால் பத்தொம்பது வயசிலயே கண் பழுது. முப்பது கவட்டில நிண்ட மானைப் பிழையாச் சுட்டனான்."

"மானோ?" என்று அவள் சிரித்தாள். "அப்பிடிப் பழைய புரொப்ளம் ஒண்டும் எனக்குத் தெரியேல்லை அங்கிள். உங்கட கண் அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்."

வெளியே வந்து ட்ராம் நிறுத்தத்தில் நின்றோம். "அப்ப ஏன் அப்பிடி நடந்தது?" என்று தண்டவாளத்தைப் பார்த்துக் கேட்டார்.

"முப்பது இல்லை அண்ணை. முப்பத்தொம்பது. நான் குறைச்சுச் சொன்னனான்."

ட்ராம் வந்தது. என் பக்கம் திரும்பாமல் ஏறிப் போய்விட்டார். தினமும் காலையில் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர், பதினொரு நாள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அவரோடு இருக்கும் மருமகளிடம் கேட்டேன், சாப்பிடுகிறார், நடக்கிறார் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் அவராகவே கூப்பிட்டார். சுகம் விசாரிக்கவில்லை. "அந்த மான் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டது?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"பக்கவாட்டா நிண்ட மாதிரியும் இருக்கு, கொஞ்சம் திரும்பி நிண்ட மாதிரியும் இருக்கு. பக்கவாட்டா நிண்டிருந்தால் பிழை முழுக்க உன்ர. திரும்பி நிண்டிருந்தால் நானும் அவசரப்பட்டிருக்கிறன். நீ பக்கத்தில இருந்தனிதானே. சொல்லு."

பக்கவாட்டாகத்தான் நின்றது என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். ஐம்பத்தொன்பது வருடப் பழி அந்த ஒரு வார்த்தையில் அவர் தலையிலிருந்து இறங்கிவிடும். என்னைப் பிழை பிடிக்கவும் ஆளில்லை. கந்தையர் போய்விட்டார், அப்பா போய்விட்டார். யுத்தம் முடிந்த பிறகு ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். அந்தப் பாலையும் இல்லை, முதிரையும் இல்லை, காடு இருந்த இடத்தில் மண் அணையும் வெறும் தரையும் கிடந்தன. இன்று எங்கிருந்து எங்கே அளப்பது என்று யாராலும் காட்ட ஏலாது.

"தெரியாது அண்ணை," என்றேன். "நான் மானைப் பாக்கேல்லை. நிலத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

மறுபக்கத்தில் அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரியாது," என்றார். பிறகு, "கண் ஒப்பரேசனுக்குக் கூட ஒரு ஆள் வரவேணுமாம். வாறியோ?" என்று கேட்டார்.

வாறன் என்றேன்.