அம்மா வந்த வீட்டில் ஊசி

இன்று காலை பெங்களூரு ஆடுகோடி பஸ் ஸ்டாப்பில் எங்கள் சந்து செல்வியைப் பார்த்தேன். இடுப்பில் சின்ன மகள்.

போன மாதம் அவளுடைய மூத்த மகன் தட்டம்மையில் இறந்துபோனான். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று அவனுக்குப் போடாமலே விட்டிருந்தார்கள். அம்மை கண்டதும் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வருவதற்குள், பிள்ளை மூச்சுத் திணறிப் போய்விட்டான்.

"சின்னவளுக்காவது ஊசி போட்டாச்சா, செல்வி?"

"அம்மா வந்த வீட்ல ஊசி போடக்கூடாது மிஸ். ஆத்தா கோச்சுக்கிட்டு இவளையும் கூட்டிட்டுப் போயிட்டான்னா?"

"குடை எடுத்துட்டுப் போனா மழை கோச்சுக்குமாம்மா?" என்றேன்.

அவள் குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"உங்க பசங்க எல்லாம் உசுரோட இருக்காங்க மிஸ். நீங்க பேசலாம்."

"பேகா ஹத்தி, பேகா!" என்று கண்டக்டர் கன்னடத்தில் சீக்கிரம் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். செல்வி ஏறிப் போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு இன்னும் ஊசி போடவில்லை.

வாழ்நாள் முழுக்க வகுப்பில் உதாரணம் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்ல ஒன்றுகூட இல்லை. மாலையில் அவள் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்லலாம் என்று தெரிந்தவர்கள் அதற்குள் எழுதுங்கள்.